உங்களுக்குத் தெரியுமா? சரக்கோடு நுழையும் லாரி, காலியாகத் திரும்பும்போது சிக்கலாம்!

காலையில் சரக்கோடு பாலத்தடியில் போன கன்டெய்னர் லாரி, மாலையில் வெறும் வண்டியாகத் திரும்பும்போது அதே பாலத்தில் இடிக்கலாம். பாரத்தில் அமுங்கியிருந்த ஸ்பிரிங் பட்டைகளும் டயர்களும் நிமிர, கூரை சில அங்குலம் உயர்ந்துவிடும். ‘இப்பத்தானே போனோம்’ என்ற ஓட்டுநரின் தைரியம் அங்கே கைகொடுக்காது.

• திருச்சி மேலப்புதூரில் உள்ளதுபோல, தண்டவாளத்துக்கு அடியில் பள்ளமாக இறங்கி ஏறும் சுரங்கப்பாதைகளில் நீள வண்டிகளுக்கு இன்னொரு வம்பு. முன்சக்கரம் ஏற்றத்திலும் பின்சக்கரம் இறக்கத்திலும் நிற்கும்போது, நடுப்பகுதி பள்ளத்துக்குள் முழுதாக இறங்காது. பலகையில் எழுதிய உயரம் அதற்குக் கிடைக்காது.

• தார் மேல் தார் போடப் போட இடைவெளி குறையும். பலகையோ பழைய எண்ணையே சொல்லிக்கொண்டிருக்கும்!

• சரக்கு லாரிகளின் உயர வரம்பு 2020-இல் 3.8 மீட்டரிலிருந்து 4 மீட்டரானது. ஏறக்குறைய ஒரு சாண். பழைய பாலங்கள் வளரவில்லை.

• சிக்கிய லாரியை மீட்க எளிய வழி, டயர் காற்றை இறக்குவது.

• அமெரிக்காவின் டர்ஹாம் நகரில், லாரிக் கூரைகளைச் சீவித் தள்ளிய ரயில் பாலத்தை 2019-இல் 8 அங்குலம் உயர்த்தினார்கள். அதன் பிறகும் லாரிகள் இடித்தன.