உஷார்! அந்தப் பெட்டி பாடவில்லை, சுரண்டுகிறது!

அப்பாவின் பழைய எல்.பி. தட்டுகள் பரணில் கிடக்கின்றனவா? அவருடைய பிறந்தநாளுக்கு ஒரு ரெக்கார்டு பிளேயர் வாங்கித் தந்து அசத்தலாம் என்று இருக்கிறீர்களா? நல்ல யோசனைதான். ஆனால் ஆர்டர் போடுவதற்கு முன்னால் இதைப் படித்துவிடுங்கள்.

ஆன்லைனில் தேடினால் முதலில் வந்து நிற்பது அந்தப் பெட்டிதான். சூட்கேஸ் மாதிரி மடக்கலாம். ஸ்பீக்கர் உள்ளேயே இருக்கிறது. ப்ளூடூத் உண்டு. புதினாப் பச்சை, ரோஸ் என்று கலர் கலராகக் கிடைக்கிறது. விலையும் கைக்கு அடக்கம்.

அது உங்கள் தட்டைத் தின்றுவிடும்!

மிகைப்படுத்தவில்லை. எனக்குத் தெரிந்த ஒரு பெரியவருக்கு நடந்தது இது. வெளியூரில் வேலை பார்க்கும் மகள் ஆசையாக அப்படி ஒரு பெட்டியை அனுப்பியிருந்தாள். அவரிடம் எம்.எஸ். சுப்புலட்சுமியின் ‘ஸ்ரீ வேங்கடேச சுப்ரபாதம்’ எல்.பி. இருந்தது. 1963-ல் வெளிவந்த தட்டு. அவருடைய அம்மா வாங்கி, துணியில் சுற்றிப் பாதுகாத்தது. தினமும் விடியற்காலையில் அதைப் போட ஆரம்பித்தார். இரண்டு மாதம் கழித்து ஓர் இடத்தில் முள் தாவியது. அந்தக் காலத்தில் வீட்டில் செய்த வைத்தியம் நினைவுக்கு வர, முள் இருக்கும் தலையின் மேல் ஒரு ரூபாய் நாணயத்தை வைத்தார். தாவல் நின்றது. அவருக்கு ஒரே சந்தோஷம்.

எட்டாவது மாதம் பாட்டுக்குப் பின்னால் அப்பளம் பொரிக்கிற சத்தம் வந்தது. தட்டில் தூசி என்று நினைத்துத் துடைத்தார். போகவில்லை. முள் தேய்ந்துவிட்டது என்று மாற்றினார். போகவில்லை. கடைசியில் கைக்காசு போட்டு ஒரு நல்ல பிளேயரே வாங்கினார். அதிலும் அதே சத்தம்!

ஏன் தெரியுமா? பழுது பிளேயரில் இல்லை. தட்டில் ஏறிவிட்டது. பள்ளமே தேய்ந்துபோயிற்று.

ரிப்பேர்காரர் சின்னத் தராசில் அந்தப் பெட்டியின் முள்ளை நிறுத்துக் காட்டினார். ஐந்து கிராமுக்கு மேல். நாணயம் இன்னொரு மூன்று கிராமுக்கு மேல். நல்ல பிளேயர்களில் முள் தட்டின் மேல் தரும் பாரம் பெரும்பாலும் 1.5 முதல் 3 கிராமுக்குள்தான். ‘ஐந்து கிராம் ஒரு பெரிய விஷயமா?’ என்று கேட்காதீர்கள். கண்ணுக்குத் தெரியாத முள்நுனி ஒன்றின் மேல் அந்தப் பாரம் முழுவதும் இறங்குகிறது. தட்டோ வெறும் பிளாஸ்டிக். போதாததற்கு, முள்ளைப் பிடித்திருக்கும் கார்ட்ரிட்ஜ் விறைப்பான செராமிக் ரகம். பள்ளத்தின் நெளிவுக்கு வளைந்து கொடுக்கத் தெரியாமல் அதை இடித்துக்கொண்டே போகும். ஒரே நாளில் இது தெரியாது. அதனால்தான் எனக்குப் பயமாக இருக்கிறது. தெரியும்போது செய்வதற்கு ஒன்றும் இருக்காது.

சரி, எதைப் பார்த்து உஷாராக வேண்டும்?

தட்டு உட்காரும் வட்டம் தட்டைவிடச் சின்னதாக இருக்கிறதா? எல்.பி.யின் விளிம்பு பெட்டிக்கு வெளியே தொங்குகிறதா? ஒதுங்கிவிடுங்கள். ஸ்பீக்கரும் முள்ளும் ஒரே பெட்டிக்குள்ளா? ஸ்பீக்கர் அதிர அதிர முள்ளும் அதிரும். எந்த கார்ட்ரிட்ஜ், எத்தனை கிராம் பாரம் என்று விவரத்தில் எங்குமே போடவில்லையா? மறைக்கிறார்கள் என்றே வைத்துக்கொள்ளுங்கள். ‘சஃபையர் முள்’ என்று பெருமையாகப் போட்டிருந்தால் மயங்காதீர்கள். அது சீக்கிரம் தேயும். தேய்ந்த முள் உளி மாதிரி. வைர முனைதான் பல நூறு மணி நேரம் தாங்கும்.

முள்ளைத் தாங்கி நிற்கும் கையின், அதாவது டோன் ஆர்மின், பின்னால் திருகி நகர்த்தும் எடைக்குண்டு இருந்தால் நல்ல அறிகுறி. குண்டு இல்லாத எல்லாமே மோசம் என்றும் சொல்ல மாட்டேன். ஆடியோ-டெக்னிகா எல்பி60எக்ஸ் மாதிரி ஆரம்ப நிலை மாடலில் பாரத்தை நாம் மாற்ற முடியாது, ஆனால் கம்பெனியிலேயே சரியான அளவில் வைத்து வருகிறது. வைர முள், மாற்றக்கூடியது. போனோ பிரீஆம்பும் உள்ளேயே உண்டு. சிக்கன பட்ஜெட்டுக்கு என்னைக் கேட்டால் இந்த ரகத்தில் ஒன்றை வாங்கி, இருக்கிற ஸ்பீக்கரோடு இணைத்துக்கொள்ளுங்கள் என்பேன்.

இந்த போனோ பிரீஆம்ப் இருக்கிறதே, இதில்தான் பாதிப் பேர் ஏமாறுகிறார்கள். முள்ளிலிருந்து வரும் மின்சாரம் சில மில்லிவோல்ட்தான்; அதைப் பெருக்கித் தருவது இது. இது இல்லாமல் பிளேயரை நேராக ஹோம் தியேட்டரில் செருகினால் கொசு முனகுகிற மாதிரிக் கேட்கும். பிளேயரில் பழுது என்று திருப்பி அனுப்பிவிடுவார்கள். பிரீஆம்ப் பிளேயருக்குள் இருக்கிறதா, ஆம்பிளிஃபையரில் ‘போனோ’ என்று துளை இருக்கிறதா, முதலிலேயே கேளுங்கள். இரண்டும் இல்லையென்றால் தனியாக ஒன்று வாங்க வேண்டும். அந்தச் செலவையும் பட்ஜெட்டில் சேருங்கள்.

பழைய செட் மலிவாக வருகிறது என்கிறீர்களா? வரட்டும். முதலில் பின்பக்க ஸ்டிக்கரைப் படியுங்கள். ஜப்பான் செட் 100 வோல்ட், அமெரிக்க செட் 120. நம் வீட்டு 230-ல் நேராகச் செருகினால் புகைதான். டிரான்ஸ்ஃபார்மர் போட்டாலும் தீராத ஒரு வில்லங்கம் உண்டு. பழைய அமெரிக்க செட் சிலவற்றின் மோட்டார் அங்குள்ள 60 ஹெர்ட்ஸ் மின்சாரத்தை நம்பி ஓடுவது. நம் ஊர் 50 ஹெர்ட்ஸ். நிமிடத்துக்கு 33⅓ சுற்ற வேண்டிய தட்டு 28-கூடச் சுற்றாது. சுருதி ஒன்றரைக் கட்டை இறங்கி, பி. சுசீலா குரல் யாரோ ஒருவருடையதாகிவிடும். விற்பவர் முன்னாலேயே உங்களுக்கு நன்றாகத் தெரிந்த பாட்டைப் போட்டுக் கேளுங்கள். பெல்ட் தளர்ந்திருந்தால் குரல் தள்ளாடும். பெல்ட்டை மாற்றிக்கொள்ளலாம். முள்ளைத் தாங்கும் மெல்லிய தண்டு வளைந்திருந்தால் புது முள்ளின் விலையைக் கழித்துப் பேசுங்கள். அந்த மாடலுக்கு முள் கிடைக்கிறதா என்று பார்க்காமல் பணத்தை நீட்டாதீர்கள்.

பித்தளைக் குழாய் வைத்த சாவி கிராமபோன்? ஐயோ, இதைச் சொல்லாமல் விடக் கூடாது. பழைய பொருள் என்று விற்கப்படுவதில் நிறைய, நேற்று ஒட்டுப்போட்டுச் செய்தவை. அசலே ஆனாலும் அதன் எஃகு ஊசி 78 சுற்று அரக்குத் தட்டுக்கானது. ஒரு பக்கத்துக்கு ஓர் ஊசி, பிறகு தூக்கிப் போட வேண்டும். அதில் எல்.பி.யை ஒரே ஒரு முறை வைத்தாலும் தட்டு காலி! இந்தியாவில் 1960-களின் கடைசி வரை 78 தட்டுகள் வந்தன. அதனால் உங்கள் பரணில் இரண்டும் கலந்து கிடக்கலாம். பிரித்து வையுங்கள். 78-ஐ மின்சார பிளேயரில் கேட்க முனை பெரிய, தனி முள் வேண்டும். எல்.பி. முள்ளால் அதைத் தொடாதீர்கள். சானிடைசர், ஸ்பிரிட் போட்டு 78-ஐத் துடைக்கவே துடைக்காதீர்கள். அரக்கு கரைந்துவிடும்.

அந்தப் பெரியவர் வீட்டில் இப்போது சுப்ரபாதம் செல்போனில் ஒலிக்கிறது. தட்டு சுவாமி அலமாரியில் இருக்கிறது. மகளிடம் அவர் எதுவும் சொல்லவில்லையாம்.

உங்கள் வீட்டில் அந்தச் சூட்கேஸ் பெட்டி ஏற்கெனவே வந்துவிட்டதா? கடையில் மறுபடி கிடைக்கிற புதுத் தட்டை வேண்டுமானால் அதில் போடுங்கள். பாட்டி காலத்துத் தட்டை இன்றே கீழே இறக்கிவிடுங்கள். முள்ளின் தலையில் நாணயம் ஏதாவது உட்கார்ந்திருந்தால், முதலில் அதை எடுங்கள்.