உலை ஏன் அணைவதில்லை?

சென்னையிலிருந்து கும்மிடிப்பூண்டிக்கு இரவில் ரயிலில் போயிருக்கிறீர்களா? ஊரே தூங்கும், சிப்காட் பக்கம் இரும்பாலைகள் மட்டும் தூங்காது. கம்பி விலை இறங்கிக் கிடக்கும் நாளிலும் உலை எரியும். நட்டத்துக்கு ஏன் ஓட்டுகிறார்கள்?

நம்ம பம்புசெட்டுக்கு மின்சாரம் இலவசம். அதனால் 'டிமாண்ட் சார்ஜ்' நமக்குத் தெரியாது. உயரழுத்த மின்சாரம் வாங்கும் ஆலை, ஒரு யூனிட் கூட ஓட்டாவிட்டாலும், ஒப்பந்த அளவில் 90 சதவீதத்துக்குப் பணம் கட்டணும். 2022 செப்டம்பரில் இந்தக் கட்டணம் ஒரு கே.வி.ஏ.வுக்கு மாதம் 350 ரூபாயிலிருந்து 550 ஆனது. அன்றைய அந்தக் கட்டணத்தில், 1,000 கே.வி.ஏ. வாங்கிய ஆலைக்கு, பூட்டு போட்டிருந்தாலும் மாதம் 4,95,000 ரூபாய் ஆனது. வங்கித் தவணை தனி. இதுதான் நிலைச்செலவு.

ஒரு பேச்சுக்கு, கிலோ கம்பிக்குப் பழைய இரும்பு, ஓடும் மின்சாரம், கூலி எல்லாம் 40 ரூபாய். நிலைச்செலவு 5 ரூபாய். அடக்கம் 45. சந்தை விலை 42க்கு இறங்கினாலும் விற்பார்கள். நிலைச்செலவில் 2 ரூபாயாவது தேறும். நிறுத்தினால் 5 ரூபாயும் போச்சு. 40க்குக் கீழே போனால்தான் உலை அணையும். எல்லா ஆலையும் இப்படியே நினைத்து ஓட்டுவதால் சரக்கு குவியும், விலை எழும்பாது.

இதில் நமக்கென்ன? இயற்கை உழவில் உரச்செலவு, மருந்துச்செலவு குறைகிறது, நல்லது. ஆனால் புதிதாக வருகிறவர்கள் முதல் வருசமே டிராக்டர், வேலி, சொந்தச் செக்கு, அரிசி மெஷின் என்று கடனில் இறங்கிவிடுகிறார்கள். அன்றோடு அவர்களும் உலைக்காரர்தான்.

கணக்கு போட்டுப் பாருங்கள். அரிசி மெஷினுக்குத் தவணை, வாடகை சேர்த்து மாதம் 12,000 ரூபாய் என்று வையுங்கள். 1,000 கிலோ அரைத்தால் கிலோவுக்கு 12 ரூபாய் ஏறும். 4,000 கிலோ அரைத்தால் 3 ரூபாய்தான். தனியாளிடம் 4,000 கிலோ ஏது? நாலு பேர் சேர்ந்தால் உண்டு. சேர முடியாவிட்டால் கூலிக்கு அரைப்பதே மேல்.

நோட்டில் இரண்டு பத்தி போடுங்கள்: விளைந்தாலும் விளையாவிட்டாலும் கட்ட வேண்டியது ஒன்று, விளைந்தால் மட்டும் ஆகும் செலவு ஒன்று. முதல் பத்தி சிறுத்திருந்தால், வியாபாரி அடிமாட்டு விலை கேட்கும்போது, "இப்ப தரலைங்க, நெல்லு குதிர்ல கிடக்கட்டும்" என்று சொல்லலாம்.

உலைக்காரரால் அதைச் சொல்ல முடியாது.