அப்பத்தாவும் 400 ரூபாய் மைக்கும்

எங்கள் அப்பத்தாவுக்கு வயசு 84. பல் நாலு. பாட்டு நாப்பது. பல்லை எண்ணிவிட்டேன். பாட்டை இன்னும் எண்ணிக்கொண்டிருக்கிறேன்.

திண்டுக்கல்லிலிருந்து திருச்சி போகும் நான்கு வழிச் சாலையில், வடமதுரையைத் தாண்டினால் எங்கள் அய்யலூர். வானம் பார்த்த பூமி. அந்தக் காலத்தில் களை எடுக்க ஒரு பாட்டு, கம்பு இடிக்க ஒரு பாட்டு, பிள்ளையைத் தூங்க வைக்க ஒரு பாட்டு என்று எல்லா வேலைக்கும் பாட்டு இருந்திருக்கிறது. இன்று கம்பை மில் இடிக்கிறது. பிள்ளையை செல்போன் தூங்க வைக்கிறது. மிச்சமிருப்பது அப்பத்தா மட்டும்.

"செல்போன்லயே புடிச்சுர வேண்டியதுதானே?" என்பீர்கள். நானும் அப்படித்தான் நினைத்தேன். பிடித்துக் கேட்டால், வரிக்கு வரி கடைசியில் அப்பத்தா 'ம்ம்ம்...' என்று இழுப்பாளே, அந்த இழுவையைக் காணோம்! காரணம் பிற்பாடுதான் புரிந்தது. செல்போனுக்குப் பேச்சுதான் முக்கியம். ஃபேன் சத்தம், வண்டிச் சத்தம் எல்லாவற்றையும் அது தானாகவே அமுக்கிவிடும். அந்த புத்திசாலிப் பெட்டி, அப்பத்தாவின் இழுவையையும் ஃபேன் சத்தத்தோடு சேர்த்து அமுக்கிவிட்டது. பாட்டின் உயிரே அதில்தான் இருக்கிறது என்று அதற்கு யார் சொல்வது?

சித்தப்பாவிடம் ஓடினேன். முப்பது வருஷமாக மைக் செட் வைத்திருப்பவர். அஹுஜா மைக் ஒன்றை எடுத்து நீட்டினார். (1940-ல் ஆரம்பித்த கம்பெனி. தமிழ்நாட்டில் அந்தப் பெயர் எழுதிய ஆம்ப்ளிஃபயர் பார்க்காத காதுகுத்து உண்டா?) அது டைனமிக் மைக். உள்ளே ஒரு காந்தம், ஒரு கம்பிச்சுருள். சத்தம் பட்டால் சுருள் அசையும், கரண்ட் பிறக்கும். கீழே போட்டாலும் கவலையில்லாத முரட்டு ஆசாமி. ஆனால் சுருளை அசைக்கக் குரலில் தெம்பு வேண்டும், வாய்க்குப் பக்கத்திலேயே பிடிக்கவும் வேண்டும். அப்பத்தா முன்னால் நீட்டினதும், "என்னடா, சோளக்கருதை வாயில திணிக்கிறே?" என்று முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

"அப்ப கண்டன்சர் மைக்தான்டா வேணும். சன்னமான குரலையும் ஏந்திக்கும்" என்றார் சித்தப்பா.

நல்ல கண்டன்சர் மைக் ஐயாயிரம், பத்தாயிரம் என்று போகிறது. என் பட்ஜெட் 500 ரூபாய். அலைந்து திரிந்து ஒரு கடையில் 400 ரூபாய்க்கு ஒன்றைப் பிடித்தேன். அட்டைப்பெட்டியில் ஒரு வெள்ளைக்காரப் பெண்மணி கண்ணை மூடிப் பாடிக்கொண்டிருந்தாள். கண்ணை ஏன் மூடினாள் என்பது வீட்டுக்கு வந்து மாட்டினதும் தெரிந்தது. 'உய்ங்' என்று ஒரு இரைச்சல். அந்த இரைச்சலுக்கு நடுவே எங்கோ கிணற்றுக்குள்ளிருந்து அப்பத்தா.

"400 ரூபாய்க்கு ஒரு வண்டு வாங்கிட்டு வந்திருக்கீங்க" என்றாள் மனைவி.

ரோஷம் வந்துவிட்டது. திருப்புளியை எடுத்தேன்.

பிரித்துப் பார்த்தால், அத்தனை பெரிய மைக்குக்குள் சட்டைப் பொத்தான் அளவுக்கு ஒரே ஒரு வெள்ளி டப்பி. ஒரு பென்சில் பேட்டரி. மற்றதெல்லாம் காற்று! ஆனால் அந்தப் பொத்தானைக் குறைவாக எடை போடக்கூடாது. பெல் ஆய்வுக்கூடத்தில் கெர்ஹார்ட் செஸ்லர், ஜேம்ஸ் வெஸ்ட் என்ற இரண்டு பேர் 1962-ல் கண்டுபிடித்த சமாசாரம் அது. கண்டன்சர் மைக் என்பதே 1916-ல் வென்டி என்பவர் செய்தது. ஒரு தட்டு, அதற்கு எதிரே ஒரு மெல்லிய சவ்வு. சத்தம் பட்டுச் சவ்வு அதிர, இரண்டுக்கும் நடுவே இடைவெளி கூடிக் குறையும். அதுவே சிக்னல். ஆனால் தட்டில் எந்நேரமும் மின்சாரம் ஏற்றி வைத்திருக்க வேண்டும். இந்த இருவரும் என்ன செய்தார்களென்றால், பிளாஸ்டிக் சவ்விலேயே மின்னேற்றத்தை நிரந்தரமாகத் தங்க வைத்துவிட்டார்கள். இரும்பில் காந்தம் தங்குகிற மாதிரி. 'எலக்ட்ரெட்' என்று பெயர். உள்ளேயிருக்கும் குட்டி டிரான்சிஸ்டருக்கு மட்டும் கொஞ்சம் கரண்ட் போதும். பேட்டரி அதற்குத்தான். நம் வீட்டு டேப் ரிக்கார்டரின் மூலையில் 'மைக்' என்று ஒரு ஓட்டை இருக்குமே, அதற்குள் உட்கார்ந்திருந்தவரும் இவர்தான்.

ஆக, ஆள் நல்லவர். குடியிருந்த வீடு சரியில்லை. வீட்டை ரிப்பேர் பண்ண முடிவு செய்தேன்.

முதலில் 'உய்ங்'. மைக்கின் உடம்பு பிளாஸ்டிக். சுற்றியிருக்கும் கரண்ட் வயர் சத்தமெல்லாம் தாராளமாக உள்ளே வந்துபோகிறது. சப்பாத்தி சுற்றும் அலுமினியத் தாளைச் சமையலறையிலிருந்து கடத்தி, உள்பக்கம் ஒட்டி, எர்த் கம்பியோடு சேர்த்து இறுக்கினேன். அலுமினியத்தில் பற்றவைப்பு பிடிக்காது, அழுத்தித்தான் வைக்க வேண்டும். அது பேட்டரி முனையில் படாமல் டேப்பும் சுற்ற வேண்டும். கூட வந்த நூல் மாதிரி வயரைத் தூக்கிப் போட்டுவிட்டு, சித்தப்பாவிடம் வலைக்கம்பி சுற்றிய மைக் வயர் வாங்கி மாட்டினேன். லேப்டாப்பின் சார்ஜரைக் கழற்றிவிட்டு பேட்டரியில் ஓட்டினேன். வண்டு முக்கால்வாசி பறந்துவிட்டது.

அடுத்தது 'டொம்'. 'ப' என்று ஆரம்பிக்கும் வார்த்தையெல்லாம் வேட்டு மாதிரி வெடித்தது. வலைக்குள் மெல்லிய ஸ்பாஞ்ச் வைத்தேன். மைக்கை வாய்க்கு நேராக வைக்காமல், ஒரு சாண் தள்ளி, கொஞ்சம் பக்கவாட்டில் வைத்தேன். சரியானது.

இத்தோடு நிறுத்தியிருக்கலாம். கை சும்மா இருக்குமா? வெள்ளி டப்பி ஆடாமல் இருக்கட்டும் என்று அதன் முதுகில் சூடான பசையைக் கொட்டி கெட்டியாக ஒட்டினேன். பெருமையோடு சித்தப்பாவின் ஆம்ப்ளிஃபயரில் சொருகி "ஹலோ" என்றேன். 'கீய்ய்ய்ய்...!' தெருவில் இரண்டு ஆடுகள் கயிற்றை அறுத்துக்கொண்டு ஓடின. நல்லவேளை, அன்று வியாழக்கிழமை இல்லை. வியாழன்தான் எங்கள் ஊர் ஆட்டுச் சந்தை. ஒட்டுமொத்தச் சந்தையும் ஓடியிருக்கும்!

சித்தப்பா மைக்கைப் பிரித்துப் பார்த்துத் தலையில் அடித்துக்கொண்டார். "டேய், முதுகுல இருக்கிற ஓட்டையெல்லாம் அடைச்சுட்டியேடா! முன்னாடி வர்ற சத்தத்தை மட்டும் புடிக்கணும்னா, பின்னாடி மூச்சுவிட வழி வேணும். அதை அடைச்சா நாலு பக்கமும் புடிக்கும். பாக்ஸ் சத்தத்தையும் புடிக்கும். அப்புறம் கத்தாம என்ன செய்யும்? கச்சேரியில பாடுறவங்க மைக்கு மண்டையைக் கையால பொத்திப் புடிச்சாலும் இதே கதைதான்."

முப்பது வருஷப் படிப்பு. ஒரு நிமிஷத்தில் இலவசமாகக் கிடைத்தது.

டப்பி போயே போச்சு. புதுசு 20 ரூபாய். அதைப் பற்றவைக்கும்போது சூட்டுக்கோலை இரண்டு வினாடிக்கு மேல் வைக்கக்கூடாது. சூடு ஏறினால் சவ்வு கெட்டுவிடும். இரண்டு முனைகளில் எது டப்பியின் உடம்போடு ஒட்டியிருக்கிறதோ, அதுதான் எர்த். மாற்றிக் கொடுத்தால் ஊமை. இதெல்லாம் சித்தப்பா மேற்பார்வையில் நடந்தது.

ரெக்கார்டிங். பகலில் முடியாது. சன்னக் குரலை ஏந்தும் மைக், பக்கத்து வீட்டு மிக்ஸியையும் ஏந்துகிறது. இரவு பதினோரு மணிக்கு மேல்தான் ஊர் அடங்கும். எங்கள் அய்யலூர்க் காடுகளையும் கடவூர்ப் பக்கத்தையும் சேர்த்து 2022-ல் தேவாங்குக்குச் சரணாலயம் அறிவித்தார்களே, ராத்திரி முழுக்க முழித்திருக்கும் அந்த ஜீவனைப் போல நானும் முழித்திருந்தேன். அப்பத்தாவுக்கு எப்படியும் தூக்கம் கிடையாது.

"பாடு அப்பத்தா."

"உலக்கை எங்கடா? உலக்கை இல்லாம கம்பு இடிக்கிற பாட்டு எப்படி வரும்?"

பரணிலிருந்து உலக்கை இறங்கியது. 'தொம்' என்று ஒரு குத்து. மைக் எகிறிக் குதித்தது. சத்தம் தரை வழியாக, நாற்காலி வழியாக மைக்குக்குள் ஏறுகிறது. பழைய சைக்கிள் டியூப்பை வெட்டி, அதில் தொட்டில் மாதிரி கட்டி மைக்கைத் தொங்கவிட்டேன். டப்பியைச் சுற்றியும் ஒரு ரப்பர் வளையம், இந்தத் தடவை முதுகை அடைக்காமல். உலக்கை தூரப் போய்விட்டது. குரல் முன்னால் வந்தது.

மதுரையில் விஜயலட்சுமி நவநீதகிருஷ்ணன், கணவரோடு சேர்ந்து நாட்டுப்புறப் பாடல்களைத் திரட்டியவர். 2018-ல் பத்மஸ்ரீ வாங்கியவர். அவர்கள் வேலைக்கு முன்னால் நான் செய்தது கடுகு. ஆனால் எங்கள் வீட்டுக் கடுகை எங்கள் வீட்டில்தானே தாளிக்க வேண்டும்!

பாடி முடித்ததும் அப்பத்தாவின் காதில் ஹெட்போனை மாட்டிவிட்டேன். கேட்டாள். கண்ணை மூடினாள். (அட்டைப்பெட்டிப் பெண்மணி ஞாபகம் வந்தது.) இழுவை வரும் இடத்தில் அவள் தலை தானாக ஆடியது.

"யாருடா பாடுறது?"

"நீதான் அப்பத்தா."

"போடா, பொய் சொல்லாதே. இது எங்க ஆத்தா குரலு."

எனக்கு என்ன பதில் சொல்வதென்று தெரியவில்லை. அவள் ஆத்தா போய் அறுபது வருஷம் இருக்கும். ஒரு போட்டோகூடக் கிடையாது.

கொஞ்ச நேரம் கழித்து ஹெட்போனைக் கழற்றாமலே சொன்னாள்: "அந்தக் குச்சியைப் பக்கத்துல வையி ராசா. ஆத்தா பாட்டு இன்னொண்ணு ஞாபகத்துக்கு வருது. பிள்ளைக்குப் பால் குடுக்கையில பாடுறது."

அவசரமாக ரெக்கார்டிங் பட்டனை அழுத்தினேன். முதல் அடி. இரண்டாம் அடி. லேப்டாப் திரையில் கோடு மட்டமாகப் படுத்திருந்தது. ஒரு முனகல்கூட இல்லை. மத்தியானம் சோதித்துப் பார்த்துவிட்டு மைக் சுவிட்சை அணைக்க மறந்திருக்கிறேன். முதல் பாட்டு வரைக்கும் மூச்சைப் பிடித்திருந்த பேட்டரி அத்தோடு போய்விட்டது!

அப்பத்தாவை நிறுத்த மனசு வரவில்லை. பாடி முடிக்கிற வரைக்கும் உட்கார்ந்து கேட்டேன். பிறகு சுவர்க் கடிகாரத்திலிருந்து பேட்டரியைக் கழற்றினேன்.

"இன்னொரு தடவை பாடு அப்பத்தா."

"ஏன்டா, நீ கேக்கலியா?"

"நான் கேட்டேன். இந்தக் குச்சிதான் கேக்கல."

கடிகாரம் நின்றிருந்தது. அப்பத்தா திரும்பவும் முதலிலிருந்து ஆரம்பித்தாள்.