ஏரிக்கரை மரமும் வேட்டைப் பறவையும்

கங்கைவரை படை செலுத்திப் பெற்ற வெற்றியின் நினைவாக முதலாம் இராசேந்திர சோழன் அமைத்த பேரேரி சோழகங்கம். ஜெயங்கொண்டத்திற்கு அருகே, கங்கைகொண்ட சோழபுரத்தை ஒட்டியுள்ள அவ்வேரி இன்று பொன்னேரி எனப்படுகிறது. தெற்கே கொள்ளிடத்தின் குறுக்கே 1836ஆம் ஆண்டு கட்டப்பட்ட கீழணை உள்ளது. அரியலூர் மாவட்டத்தின் மேற்குப் பகுதியில், புள்ளம்பாடி வாய்க்காலால் நீர்பெறும் கரைவெட்டி ஏரி 1999இல் பறவைகள் புகலிடமாக அறிவிக்கப்பட்டது. 2024இல் ராம்சார் ஈரநிலங்களின் வரிசையிலும் சேர்ந்தது. இத்தகைய நீர்நிலைகளை நாடி வாத்துகளும் நாரைகளும் வருகின்றன. அவற்றைத் தொடர்ந்து வேட்டைப் பறவைகளும் வருகின்றன.

கரை தரும் வாழ்வு

விராலடிப்பான் குளிர்காலத்தில் வடபுலத்திலிருந்து வலசை வரும். மீனே அதன் உணவு. வழுக்கும் மீனைப் பற்றுவதற்கேற்ப அதன் பாதங்களில் முட்போன்ற சொரசொரப்பு உண்டு. பிடித்த மீனை அமர்ந்து உண்ண அதற்கு உயர்ந்த கிளையொன்று வேண்டும். பட்டுப்போன மரமாயினும் போதும். செம்பருந்து நீர்நிலையை அடுத்த நெடுமரங்களில் கூடு கட்டும். சேற்றுப் பூனைப்பருந்தோ மரத்தை நாடாது, சம்பும் கோரையும் அடர்ந்த இடத்தில் தரையிலேயே இரவைக் கழிக்கும். மாயாறு பவானிசாகர் நீர்த்தேக்கத்தை நோக்கிப் பாயும் பள்ளத்தாக்கில், ஆற்றங்கரை நீர்மருத மரங்களில் வெண்முதுகுப் பாறுகள் கூடமைக்கின்றன. ஆகவே, நீரும் இரையும் நிறைந்திருந்தாலும், கரை வெறுமையானால் இப்பறவைகள் அங்குத் தங்குவதில்லை.

பேணும் முறை

ஏரிகளைத் தூர்வாருவதும் கரைகளைப் பலப்படுத்துவதும் உழவுக்கு இன்றியமையாதவை. கரையின் உறுதியைக் குலைக்கும் மரத்தை அகற்றுவதும் தேவையே. ஆயினும், கரை முழுவதையும் ஒரே நாளில் மொட்டையாக்க வேண்டியதில்லை. கூடுள்ள மரங்களை முன்கூட்டியே கண்டறிந்து, குஞ்சுகள் பறக்கும்வரை விட்டுவைக்கலாம். சீமைக் கருவேலத்தைப் பகுதி பகுதியாக நீக்கி, அவ்விடங்களில் மருது, நாவல், இலுப்பை போன்றவற்றை நடலாம். ஏரியின் ஒரு மூலையிலேனும் கோரைப் புதரை அழிக்காமல் வைக்கலாம்.

வயலில் தெளிக்கும் நஞ்சும் இங்கு நினைக்கத்தக்கது. அது மழைநீரோடு ஏரியில் கலந்து, சிற்றுயிரிலிருந்து மீனுக்கும், மீனிலிருந்து பறவைக்கும் செறிவு மிகுந்துகொண்டே செல்கிறது. 20ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதியில் டி.டி.டி. என்னும் பூச்சிக்கொல்லியால் விராலடிப்பான்களின் முட்டையோடு மெலிந்து, அடைகாக்கும்போதே உடைந்தது. அமெரிக்கா 1972இல் அதன் வேளாண் பயன்பாட்டைத் தடைசெய்த பின்னரே அங்கு அவற்றின் எண்ணிக்கை மீண்டும் பெருகலாயிற்று.

தடை விதித்தால் நஞ்சு குறையும். மழை பெய்தால் ஏரி நிரம்பும். ஆனால், இன்று நடும் மருதங்கன்று பருந்தின் கூட்டைத் தாங்கும் மரமாவதற்குப் பல ஆண்டுகள் ஆகும். அதுவரை முதுமரங்களே அப்பறவைகளின் வீடு. கோடரி எடுக்குமுன் ஒருமுறை மரத்தின் உச்சியை நிமிர்ந்து பார்த்தல், ஏரி காப்போரின் கடமைகளுள் ஒன்றாதல் வேண்டும்.