குழாய் வேலை: மாதச் சம்பளமா, சொந்தத் தொழிலா?

ஏரும் தறியும் காஞ்சிபுரம் வட்டாரத்தின் இரு கண்கள் எனலாம். ஏரிப் பாசனத்தை நம்பிய உழவர் குடும்பங்களும், பட்டுத் தறியை நம்பிய நெசவாளர் குடும்பங்களும் பல தலைமுறைகளாக இங்கே ஒன்றையொன்று சார்ந்து வாழ்ந்து வருகின்றன. இக்குடும்பங்களில் பிறந்த இளைஞர்களுள் சிலர் இப்பொழுது வேறு கைத்தொழில்களையும் நாடுகின்றனர். அவற்றுள் ஒன்று, ஊரார் பிளம்பர் வேலை என்று சொல்லும் குழாய்த் தொழில். பயிற்சி முடித்து வரும் இளைஞனும் அவன் பெற்றோரும் ஒரு கேள்வியை எதிர்கொள்கின்றனர். ஒரு நிறுவனத்தில் மாதச் சம்பளத்துக்கு அமர்வதா? அல்லது கருவிப் பையைத் தோளில் மாட்டிக்கொண்டு சொந்தமாகத் தொழில் புரிவதா?

அரைக்காசு உத்தியோகமானாலும் அரசாங்க உத்தியோகம் வேண்டும் என்பார் ஒரு சாரார். பிறரிடம் கைகட்டி நிற்பதைவிடச் சொந்தக் காலில் நிற்பதே மேல் என்பார் மற்றொரு சாரார். பழமொழியைக் கொண்டும் தன்மானத்தைக் கொண்டும் மட்டும் இதற்கு முடிவு காண இயலாது. பன்னிரண்டு மாதக் கணக்கைப் போட்டுப் பார்த்தலே தக்க வழி.

வேலை பெருகியுள்ளது

2019-ஆம் ஆண்டு ஆகஸ்டு 15-ஆம் நாள் ஜல் ஜீவன் இயக்கம் தொடங்கப்பெற்றபோது, இந்தியச் சிற்றூர்களில் சுமார் 3 கோடியே 23 லட்சம் வீடுகளுக்கே குழாய் இணைப்பு இருந்தது. 2024-ஆம் ஆண்டில் இத்தொகை 15 கோடியைத் தாண்டியது. ஆளொன்றுக்கு நாள்தோறும் 55 லிட்டர் நீர் வழங்குதல் இவ்வியக்கத்தின் குறிக்கோள். இணைப்புக் கொடுத்துவிட்டால் மட்டும் நீர் வந்துவிடாது. வால்வு தேயும், மூட்டு கசியும், மோட்டார் பழுதாகும். ஆகவே, குழாய் பதிக்கும் வேலை குறைந்தாலும் குழாயைப் பேணும் வேலை குறையாது.

பெரிய காஞ்சிபுரத்தில் விடுதிகளும், திருமண மண்டபங்களும், பட்டு மாளிகைகளும் உள்ளன. சற்றுத் தொலைவில் உள்ள ஸ்ரீபெரும்புதூர், ஒரகடம் பகுதிகளில் தொழிற்சாலைகள் நிறைந்துள்ளன. முன்னவை சொந்தத் தொழில் செய்வோருக்கு வாடிக்கை. பின்னவை மாதச் சம்பளத்துக்கு இடம். ஆயினும் கோயில் நகரத்து வேலை ஆண்டு முழுவதும் ஒரே சீராக இராது. பங்குனித் திருவிழாவிலும் முகூர்த்த மாதங்களிலும் ஓய்வின்றி அழைப்பு வரும். ஏனைய காலங்களில் மந்தமாயிருக்கும். 2019-ஆம் ஆண்டு ஜூலை முதல் நாள் தொடங்கி 48 நாட்கள் நடைபெற்ற அத்திவரதர் தரிசனம் போன்ற வாய்ப்போ நாற்பது ஆண்டுக்கு ஒரு முறை வருவது. அதனை நம்பிக் குடும்பம் நடத்த இயலாது.

சம்பளத்துக்குள் அடங்கியவை

ஒருவர் மாதம் 15,000 ரூபாய் சம்பளம் பெறுவதாகக் கொள்வோம். வருங்கால வைப்பு நிதிக்கு நூற்றுக்கு 12 வீதம் 1,800 ரூபாய் பிடிக்கப்படும். தொழிலாளர் அரசு காப்பீட்டுக்கு, 2019 ஜூலை முதல் உள்ள விகிதப்படி, நூற்றுக்கு முக்கால் பங்கு போகும். கைக்கு வருவது சுமார் 13,000 ரூபாய்தான். இதைக் கண்டு மனம் சோர்வது இயல்பு. ஆனால் முதலாளியும் வைப்பு நிதிக்கு 1,800 ரூபாயும், காப்பீட்டுக்கு நூற்றுக்கு மூன்றேகால் வீதம் ஏறக்குறைய 488 ரூபாயும் செலுத்துகிறார். ஆகவே உண்மை வருவாய் மாதம் 17,288 ரூபாய். ஆண்டுக்கு 2,07,456 ரூபாய். ஐந்தாண்டு தொடர்ந்து பணிபுரிந்தால், ஆண்டுக்குப் பதினைந்து நாள் சம்பள வீதம் பணிக்கொடையும் உண்டு. அதனையும் சேர்த்தால் ஆண்டுக்குச் சுமார் 2,16,100 ரூபாய் ஆகிறது.

வேலையின்போது காயமுற்று வீட்டிலிருக்க நேர்ந்தால், சம்பளத்தில் நூற்றுக்குத் தொண்ணூறு பங்கு வீதம் காப்பீட்டிலிருந்து கிடைக்கும். ஏணியிலிருந்து தவறி விழக்கூடிய தொழிலில் இது சிறிய நன்மையன்று.

எனினும், மாதச் சம்பளம் என்று பெயர் இருந்தால் மட்டும் போதாது. தொழிற்சாலையில் வேலை பார்ப்பவர்களுள் பலர் ஒப்பந்தக்காரர் வழியாகச் சேர்ந்தவர்கள். வைப்பு நிதிக் கணக்கு எண் தரப்பட்டுள்ளதா, மாதந்தோறும் தொகை வரவு வைக்கப்படுகிறதா, காப்பீட்டு அட்டை உள்ளதா என்று சேரும்போதே கேட்டறிய வேண்டும். இவை இல்லாத சம்பளம், பெயருக்குச் சம்பளமாயினும் உண்மையில் நாட்கூலியே.

சொந்தத் தொழிலின் வரவும் செலவும்

இனிச் சொந்தத் தொழிலைப் பார்ப்போம். நாளொன்றுக்கு 1,000 ரூபாய் கூலி எனில், மாதம் 26 நாளுக்கு 26,000 ரூபாய் என்று மனம் உடனே கணக்கிடும். 24 நாள் வேலை கிடைப்பதாகவே கொள்வோம். ஆண்டு வரவு 2,88,000 ரூபாய். இதிலிருந்து வண்டிக்கு எரிபொருளும் பழுதும் மாதம் 2,500 வீதம் 30,000, தொலைபேசிக்கு 3,600, தேய்ந்த கருவிகளை மாற்றுவதற்கு 10,000, வசூலாகாத பாக்கி பத்தில் ஒரு பங்கு, அதாவது 28,800. ஆக, செலவு 72,400 ரூபாய். மீதி 2,15,600 ரூபாய்.

மாதம் 15,000 ரூபாய் சம்பளக்காரரும், நாள் 1,000 ரூபாய் கூலிக்காரரும் இங்கே ஏறத்தாழச் சமமாகிவிட்டனர். வேலை 18 நாளாகக் குறைந்தால், இதே கணக்கில் மீதி 1,50,800 ரூபாய்தான். மாறாக, 24 நாள் வேலையில் பாக்கியைப் பாதியாகக் குறைத்துவிட்டால் மீதி 2,30,000 ரூபாயாக உயர்கிறது. இத்தொகைகள் கணக்கு விளங்குதற்பொருட்டு எடுத்துக்கொண்டவை. அவரவர் ஊரின் கூலியையும் செலவையும் இட்டுப் பார்த்துக்கொள்க. எந்த ஊராயினும் சொந்தத் தொழிலின் வெற்றியை முடிவு செய்வன இரண்டு: மாதத்தில் எத்தனை நாள் வேலை, வேலைக்கு உரிய பணம் எத்தனை நாளில் கைக்கு வருகிறது என்பனவே அவை.

தறி கற்பிக்கும் பாடம்

காஞ்சிபுரத்து நெசவாளர்க்கு இக்கேள்வி புதிதன்று. சொந்த முதலில் பட்டும் சரிகையும் வாங்கி நெய்து விற்பவர் சிலர். முதலாளியிடம் பாவும் ஊடையும் பெற்றுக் கூலிக்கு நெய்பவர் பலர். காமாட்சியம்மன், முருகன், அறிஞர் அண்ணா முதலிய பெயர்களில் அமைந்த கூட்டுறவுச் சங்கங்களில் உறுப்பினராகி நெய்பவர் இன்னொரு சாரார். தறி தன் வீட்டில் இருப்பதனாலேயே ஒருவர் சொந்தத் தொழிலாளி ஆகிவிடுவதில்லை. முதலும் சந்தையும் பிறர் கையில் இருப்பின் அவர் கூலிக்காரரே. மழைக்காலத்தில் தெருவில் பாவு நீட்ட இயலாமல் தறி நின்றால், அந்நாட்களின் நட்டமும் அவரையே சாரும்.

குழாய்த் தொழிலிலும் இந்நிலை உண்டு. கருவிப் பை தன்னுடையதாயிருக்க, ஒரே ஒப்பந்தக்காரரிடம் அவர் அழைத்தபோது மட்டும் நாட்கூலிக்குச் செல்பவரைப் பாருங்கள். வேலைக்காரருக்குரிய வைப்பு நிதியும் அவருக்கு இல்லை. தொழில் நடத்துபவருக்குரிய இலாபமும் இல்லை. இந்த இரண்டுங்கெட்டான் நிலையே மிகவும் அஞ்சத்தக்கது.

கூட்டுறவு நெசவாளர்க்கெனத் தமிழ்நாட்டில் உள்ள சேமிப்பு, பாதுகாப்புத் திட்டத்தில், உறுப்பினர் தம் கூலியில் ரூபாய்க்கு 8 காசு செலுத்துகின்றனர். அரசும் தன் பங்கைச் சேர்க்கிறது. மாதம் 24,000 ரூபாய் ஈட்டும் குழாய்த் தொழிலாளி ரூபாய்க்கு 8 காசு ஒதுக்கினால் 1,920 ரூபாய் சேரும். ஆனால் அவருக்கு முதலாளியும் அவரே. இரு பங்கையும் அவரே செலுத்தினால்தான் மேலே கண்ட சம்பளக்காரரின் 3,600 ரூபாய்க்கு ஈடாகும். அதாவது, ரூபாய்க்கு 15 காசு தனியே எடுத்து வைக்கும் உறுதி உடையவரே சொந்தத் தொழிலுக்கு உரியவர்.

முன்னர்க் கற்க, பின்னர் நிற்க

தொழிற்பயிற்சி நிலையங்களில் பிளம்பர் பயிற்சி ஓராண்டு. அது அடிப்படையைக் கற்பிக்கும். அனுபவத்தைத் தருவது வேலைக்களமே. ஒடிசா மாநிலத்தின் கேந்திராபாடா மாவட்டத்தார் இந்தியாவின் பல நகரங்களிலும் குழாய்த் தொழிலில் பெயர் பெற்றவர்கள். அம்மாவட்டத்தின் பட்டமுண்டையில் இத்தொழிலுக்கென்றே அரசுப் பயிற்சி நிறுவனம் அமைந்துள்ளது. முன்னே சென்றவரிடம் உதவியாளராகச் சேர்ந்து, வேலை பழகி, பின்னர்த் தாமே ஒப்பந்தம் எடுப்பது அவர்கள் வளர்ந்த வழி. நம் இளைஞர்களும் முதல் மூன்று நான்கு ஆண்டுகள் சம்பளத்துக்கு அமர்ந்து, சுடுநீர்க் குழாய், அழுத்தச் சோதனை, மோட்டார் பழுது ஆகியவற்றைக் கற்று, ஆறு மாதக் குடும்பச் செலவைச் சேமித்துக்கொண்டு வெளியே வருதல் நன்று. ஈடு கேட்காத முத்ரா கடன் 2015 முதல் நடைமுறையில் உள்ளது. அக்கடனைக் கருவி வாங்கப் பயன்படுத்தலாம். வீட்டுச் செலவுக்குப் பயன்படுத்தலாகாது.

சொந்தத் தொழிலில் இறங்குவோர் தமிழ்நாடு கட்டுமானத் தொழிலாளர் நல வாரியத்தில் தவறாது பதிவு செய்துகொள்ள வேண்டும். 1994-இல் அமைந்த அவ்வாரியத்தில் குழாய்த் தொழிலாளருக்கும் இடமுண்டு. பிள்ளைகளின் கல்விக்கும், விபத்துக்கும், அறுபது வயதுக்குப் பின் ஓய்வூதியத்துக்கும் அது துணை நிற்கிறது.

பஞ்சாயத்தும் விவசாயிகளும் செய்யத்தக்கவை

குடிநீர் வழங்குதல் 1994-ஆம் ஆண்டுப் பஞ்சாயத்துச் சட்டப்படி ஊராட்சியின் கடமை. குழாய் உடைந்த பிறகு நகரத்தில் ஆள் தேடி அலைவதைக் காட்டிலும், பயிற்சி பெற்ற உள்ளூர் இளைஞரிடம் விதிமுறைக்கு உட்பட்டுப் பராமரிப்பு வேலையை ஆண்டு ஒப்பந்தமாக ஒப்படைத்தல் இரு தரப்பாருக்கும் நன்மை தரும். இளைஞருக்கு மந்தமான மாதங்களிலும் ஓரளவு நிலையான வரவு இருக்கும். ஊருக்கும் கசிவு அன்றன்றே அடைபடும். முடித்த வேலைக்குக் குறித்த நாளில் பணம் வழங்குதல் இதில் முதன்மையானது.

விவசாயிகளும் இத்தொழிலுக்கு வாடிக்கையாளரே. சொட்டுநீர்ப் பாசனத்துக்குத் தமிழ்நாட்டில் சிறு, குறு விவசாயிகளுக்கு முழு மானியமும், ஏனையோருக்கு நூற்றுக்கு 75 பங்கும் வழங்கப்படுகின்றன. அமைத்த குழாயில் அடைப்பு நேர்ந்தால் நீக்கித் தர ஊரில் ஓர் ஆள் வேண்டும். அறுவடைக்குப் பின் தருகிறேன் என்று சொன்னால், அறுவடைக்குப் பின் தந்துவிட வேண்டும். நம் களத்துக் கூலி நாளைக் கடந்தால் நமக்கு எவ்வளவு வருத்தமோ, அவ்வளவு வருத்தம் அவருக்கும் உண்டு.

இன்னொன்றையும் உறுப்பினர்கள் மனத்திற் கொள்ள வேண்டும். குழாய் வேலைக்கு வந்தவரைக் கழிவுநீர்த் தொட்டிக்குள் இறங்கச் சொல்வது சிற்சில இடங்களில் வழக்கமாகிவிட்டது. தொட்டியில் தேங்கும் நச்சு வாயு நொடிப் பொழுதில் உயிரைப் பறிக்கும். பாதுகாப்பின்றி ஆளை இறக்குவதை 2013-ஆம் ஆண்டுச் சட்டம் தடை செய்கிறது. சம்பளக்காரர் மறுத்தால் ஒரு வேலைதான் போகும். சொந்தத் தொழிலாளி மறுத்தால் ஊரிலுள்ள வாடிக்கை முழுவதும் போய்விடுமோ என்று அஞ்சுகிறார். அந்த அச்சத்தை நீக்க வேண்டிய பொறுப்பு பஞ்சாயத்துக்கே உரியது.

மாதச் சம்பளம் தாழ்ந்ததும் அன்று. சொந்தத் தொழில் உயர்ந்ததும் அன்று. கைத்திறனும், கணக்கும், சேமிப்பும் கைவந்தபின் சொந்தத் தொழிலில் இறங்குபவர் நிலைத்து நிற்பார். அவை கைவரும் வரை சம்பளமே நல்ல ஆசான். இளைஞர்கள் கணக்கிட்டுத் துணிவார்களாக. ஊரார் செய்த வேலைக்கு உரிய பணத்தை உரிய நாளில் தந்து அவர்களைத் தாங்குவார்களாக.