விறகு எரியுதா, தண்ணீர் எரியுதா?

நம்ம கெலமங்கலம் பக்கம் நிறைய பேர் மல்பெரி வைத்திருக்கிறார்கள். எங்கள் வீட்டிலும் பட்டுப்புழு வளர்க்கிறோம். கூட்டை விற்றதோடு நம்ம வேலை முடிஞ்சுது. அதை நூலாக்க எவ்வளவு விறகு எரியுதுன்னு போன லீவில்தான் பார்த்தேன். கர்நாடகாவில் ராமநகரத்தில் என் அத்தை நூல் எடுக்கும் பட்டறையில் வேலை செய்கிறார்.

ஒரு கூட்டில் 1000 மீட்டர் வரைகூட ஒரே இழை சுற்றியிருக்கும். செரிசின் என்ற பசை அதை ஒட்டிப் பிடித்திருக்கும். கொதிக்கிற தண்ணீரில் போட்டால்தான் பசை இளகி இழை வரும். அதனால் வேலை முடியும் வரை அடுப்பு அணையக் கூடாது.

அங்கே வந்து இறங்கியது பச்சை விறகு. வெட்டினவுடன் மரத்தின் எடையில் ஏறக்குறைய பாதி தண்ணீர்தான். ஒரு டன் வாங்கினால் அரை டன் தண்ணீருக்கும் சேர்த்துக் காசு கொடுக்கிறோம்! (இது எனக்கே அதிர்ச்சி.) அந்த 500 கிலோ தண்ணீரை ஆவியாக்கவே சுமார் 80 கிலோ காய்ந்த விறகின் வெப்பம் போய்விடும். அது மட்டுமில்லை. ஈரத்தால் அடுப்பில் சூடு குறையும். மரத்திலிருந்து வரும் வாயு முழுசா எரியாமல் வெளியே வரும். அதுதான் புகை. அதாவது புகை என்பது எரியாமல் போன விறகு. அது அத்தையின் கண்ணுக்குள் போகிறது. ராத்திரி முழுக்க இருமுகிறார்.

இதற்கு வழி இல்லாமல் இல்லை. 1990களில் டெரி என்ற ஆராய்ச்சி நிறுவனம் கர்நாடகப் பட்டுப் பட்டறைகளுக்காக விறகை வாயுவாக்கும் அடுப்பு செய்தது. குறைந்த காற்றில் விறகைச் சூடாக்கினால் கார்பன் மோனாக்சைடு, ஹைட்ரஜன் எல்லாம் வரும். அந்த வாயுவைக் குழாயில் கொண்டுபோய் எரிப்பார்கள். விறகு செலவு ஏறக்குறைய பாதியாகக் குறைந்தது, புகையும் குறைந்தது. ஆனால் விறகு காய்ந்திருக்கணும், சின்னத் துண்டாகவும் இருக்கணும்.

அத்தையின் பட்டறையில் அந்த அடுப்பு இல்லை. துண்டு போட கூலி யார் தருவாங்கன்னு முதலாளி கேட்டாராம். அதனால் அத்தை தினமும் சாயங்காலம் கிளம்பும்போது மறுநாள் விறகைச் சூடு ஆறாத அடுப்பு ஓரமாகச் சாய்த்து வைக்கிறார். "காலையில புகை கொஞ்சம் கம்மி பாப்பா" என்கிறார்.