தட்டின் நடுவே ஒரு வரப்பு

பீளமேட்டில் நீங்கள் பம்புசெட் பட்டறை நடத்துவதாக வைத்துக்கொள்வோம். வார்ப்பு வரைபடங்கள், ஜி.எஸ்.டி. கணக்கு, மகளின் திருமணப் படங்கள் எல்லாம் ஒரே கணிப்பொறியில் இருக்கின்றன. அது பழுதானால் என்ன ஆவது என்று அஞ்சி, வெளியில் செருகும் ஹார்டு டிஸ்க் ஒன்றை வாங்கி வருகிறீர்கள். பெரிய டிஸ்க் ஆயிற்றே, இரண்டு பார்ட்டிஷன்களாகப் பிரித்து இரண்டிலும் நகல் வைத்தால் இரட்டைப் பாதுகாப்பு அல்லவா?

அன்று. டிஸ்க்கின் உள்ளமைப்பை அறிந்தால் காரணம் விளங்கும். (திறந்து பார்த்துவிடாதீர்கள், தூசி புகுந்தாலே கெட்டுவிடும்.) காந்தப் பூச்சுள்ள தட்டுகள் ஒரே அச்சில், பெரும்பாலும் நிமிடத்திற்கு 5400 முறை சுழல்கின்றன. தலைமயிரின் பருமனில் ஆயிரத்தில் ஒரு பங்குகூட இல்லாத இடைவெளியில், படிக்கும் முனைகள் அவற்றின்மேல் மிதக்கின்றன. மோட்டார் ஒன்று, மின்சுற்றுப் பலகை ஒன்று. பார்ட்டிஷன் என்பதோ, இங்கிருந்து இதுவரை ஒரு பகுதி என்று தட்டில் எழுதிவைத்த குறிப்பு மட்டுமே. வயல் நடுவே போட்ட வரப்பு போன்றது அது. வெள்ளம் வந்தால் இருபுறமும் மூழ்கும். மேசையிலிருந்து டிஸ்க் விழுந்தாலும் அப்படித்தான்.

கோவைக்காரர்களுக்கு இது புதிய பாடம் அன்று. கரும்பை விதையிலிருந்து வளர்த்தால் தாயின் குணம் அப்படியே வராது. ஆகவே ஒவ்வோர் இனத்தையும் கரணை நட்டு, உயிருள்ள பயிராகவே காக்க வேண்டும். 1912-இல் கோவையில் தொடங்கப்பட்ட கரும்பு இனப்பெருக்க நிறுவனம், உலகக் கரும்பினத் தொகுப்பைக் கேரளத்துக் கண்ணூரில் பேணி வருகிறது. மற்றோர் உலகத் தொகுப்பு அமெரிக்காவின் மயாமியில் உள்ளது. இரண்டையும் ஒரே தோட்டத்தில் பாத்தி பிரித்து நட்டிருந்தால், ஒரு நோயே போதும்.

பார்ட்டிஷனால் பயனே இல்லையா? உண்டு. தானே நகலெடுக்கும் மென்பொருள்கள் சில, இடம் உள்ளவரை டிஸ்க்கை நிரப்பிக்கொண்டே போகும். அவற்றுக்கு எல்லை கட்டலாம். அதை டிஸ்க் காலியாக இருக்கும்போதே செய்துவிடுங்கள். நிரம்பிய பின் எல்லையை நகர்த்தும் வேளையில் மின்சாரம் நின்றால், உள்ளதும் போகலாம். வெறும் ஒழுங்குக்காகத்தான் என்றால் இரண்டு கோப்புறைகளே போதும்.

பாதுகாப்புக்கு வேண்டியது வேறொரு டிஸ்க். சிறியதானாலும் சரி, வாங்கி நகலெடுத்துப் பொள்ளாச்சியில் இருக்கும் மைத்துனர் வீட்டில் வையுங்கள். உங்களிடம் உள்ளதையும் வேலை முடிந்ததும் கழற்றிவிடுங்கள். கோப்புகளைப் பூட்டிவைத்துப் பணம் கேட்கும் தீய நிரல்கள், செருகியுள்ள டிஸ்க்கின் எல்லாப் பார்ட்டிஷன்களையும் பூட்டிவிடும். மாதம் ஒருமுறை இரண்டையும் இடம் மாற்றுங்கள். அப்போது ஒரு வரைபடத்தையாவது திறந்து, சரியாக வருகிறதா என்று பார்த்துவிடுங்கள்.